எப்போ ஊணலாம்?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரே கேள்வி பத்து வாயிலிருந்து வரும். "எப்போ ஊணலாம் சார்?" ஊன்றுவதுதான் எங்கள் பக்கத்தில் ஊணுவது. நாற்றையும் ஊணுகிறோம், பந்தக்காலையும் ஊணுகிறோம், நம் காலையும் ஊணுகிறோம். தரையில் பிடிமானம் கிடைக்கும் எதற்கும் அந்தச் சொல்தான்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இரண்டு முறை எழுந்தது. 1971இல் தாத்தா கேட்டார். 2023இல் அவருடைய மகள், என் அத்தை, கேட்டாள். இருவருக்கும் வலது கரண்டைதான். கெண்டைக்காலுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே, இருபுறமும் புடைத்து நிற்கும் இடத்தைப் புத்தகத்தில் கணுக்கால் என்கிறோம். இங்கே அது கரண்டை. இடையில் கழிந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் கரண்டைக்கான வைத்தியம் எவ்வளவு மாறியது என்பதை நான் இந்த இரண்டு கால்களை வைத்தே புரிந்துகொண்டேன்.

தாத்தா விழுந்தது வண்ணார்பேட்டை பேராச்சியம்மன் படித்துறையில். மழை ஓய்ந்து ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது, படியில் பாசி. பாதம் ஒரு படியில் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. மளுக் என்று சத்தம் கேட்டதாக அவரே சொல்வார். அன்றைக்கே வீட்டில் புளியும் கல்லுப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பத்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வண்டியில் தூக்கிப் போட்டு, ஆற்றோரத்து ஊர் ஒன்றில் பரம்பரையாகக் கட்டுப் போடும் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அவர் விளக்கெண்ணெய் தடவி நீவினார். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, குதிகாலைப் பிடித்து இழுத்துத் திருப்பினார். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துத் துணியில் பூசிச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார்.

அப்போது ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். ஏன் போகவில்லை என்று ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாவன்னு எல்லாரும் சொன்னாவ" என்றாள்.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, உண்மை போன பிறகும் தங்கிவிட்ட பயம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் சீழ் பிடித்து ஆளே போய்விடுவார் என்பதால், காலை எடுப்பதே உயிர் காக்கும் வைத்தியமாக உலகம் முழுக்க இருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1756இல் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, தன்னைக் கண்டபடி தூக்கக்கூடாது என்று தடுத்துவிட்டு, ஒரு கதவை விலைக்கு வாங்கிக் கழிகளில் அறைந்து அதில் தன்னைக் கிடத்திக் கொண்டுபோகச் செய்தார் என்பார்கள். அவர் காலையும் வெட்டத் தயாராகத்தான் இருந்தார்கள். கடைசி நேரத்தில் அது தப்பியது. பிற்பாடு, 1768இல் வெளியான நூலில், கணுக்கால் முறிவு ஒன்றை அவர் எழுதிவைத்ததால் அதற்கு இன்றும் அவர் பெயர். 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுப் பையனின் புண்ணில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, கால் தப்பியது. சரியாக நூறு ஆண்டு கழித்து எங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி வந்தது. பயம் வடிய இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது.

தாத்தா மூன்று மாதம் திண்ணையில் கிடந்தார். கட்டுக்குள் அரிக்கும்போது பனைவிசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிவார். கட்டைப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது. அதில் வைத்தியர் பேச்சுத் தவறவில்லை. ஆனால் பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றது. சாகும்வரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். மழைக்காலத்தில் கரண்டையில் கைவைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கடைசிவரை ஒரு புதிர் இருந்தது. எலும்புதான் ஒட்டிவிட்டதே, பிறகு ஏன் வலிக்கிறது?

அந்தப் புதிருக்கான விடைதான் அன்றைய வைத்தியத்துக்கும் இன்றைய வைத்தியத்துக்கும் இடையில் உள்ள தூரம்.

தச்சர் ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொரு கட்டையின் முனையைச் செதுக்கி அதில் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டை அப்படிப்பட்ட மூட்டு. முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளின் கீழ்முனைகளும் சேர்ந்து கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கூடு அமைக்கின்றன. பாதத்தின் உச்சியில் இருக்கும் எலும்பு அந்தக் கூட்டுக்குள் ஏறி நிற்கிறது. உடம்பின் எடை முழுவதும் அந்தச் சிறிய பரப்பில்தான் இறங்குகிறது. உள்ளே இருக்கும் எலும்பு வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடும் என்று ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976இல் அளந்து காட்டினார்கள். அரிசிமணியின் கனம்கூட இல்லாத நகர்வு. எடை அப்படியே இருக்கிறது, தாங்கும் இடம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. குருத்தெலும்பு தேய்கிறது. சில ஆண்டுகளில் மூட்டு முழுக்கச் சிதைகிறது.

தொடை எலும்போ மேற்கை எலும்போ கொஞ்சம் கோணி ஒட்டினாலும் பிழைப்பு நடக்கும். கரண்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒட்டினால் மட்டும் போதாது, பொருந்தவும் வேண்டும். தாத்தாவுடையது ஒட்டியது, பொருந்தவில்லை.

பரம்பரை வைத்தியர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. எலும்பில் கீறல் மட்டும் விழுந்து, இடம் மாறாமல் இருந்தால், உறுதியாகக் கட்டிப்போட்ட எந்தக் கட்டிலும் அது ஒட்டும். அப்படி ஒட்டிய ஆயிரம் கால்கள்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அவர்கள் கையில் இல்லாதது எக்ஸ்ரே. எலும்பு எங்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை விரல்நுனியால் மட்டுமே அறிய முடிந்தவர்களிடம் மில்லிமீட்டர் கணக்குக் கேட்பது நியாயமில்லை. இங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது, மருத்துவக் கல்லூரி 1965இல். ஓராண்டு இடைவெளியில் இரண்டு மருத்துவ மரபுகளுக்கும் கல்லூரி கண்ட ஊர் இது. வர்மமும் ஒடிவுமுறிவும் சித்த மருத்துவத்தில் முறையான பாடங்கள். என் அச்சமெல்லாம் கல்லூரிப் பக்கமே போகாத, படமும் எடுக்காத, வீங்கிய கரண்டையை நீவி இறுக்கிக் கட்டும் கைகளைப் பற்றியது. முறிந்த நாளில் வீக்கம் இன்னும் ஏறும். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுக்கும். கட்டு எதுவானாலும், யார் போட்டதானாலும், விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மேலைநாட்டிலும் ஒட்டுவதிலிருந்து பொருத்துவதற்கு வர நாளாயிற்று. நாம் மாவுக்கட்டு என்று சொல்வதை டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1851இல் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே 1895இல் வந்தது. எலும்பு நகர்ந்திருப்பது அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்தாலும் திறந்து சரிசெய்யத் தயங்கினார்கள். வைத்த கம்பி துருப்பிடித்தது, தளர்ந்தது, சீழ் வைத்தது. 1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் பதின்மூன்று அறுவை மருத்துவர்கள் கூடி ஏ.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முறிந்த மூட்டை இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும், அசையாதபடி பிளேட்டும் ஸ்குருவும் வைத்து இறுக்க வேண்டும், பிறகு மூட்டைச் சீக்கிரமே அசைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. இன்று ஊரில் "பிளேட் வச்சிருக்கு" என்று ஒருவர் கால்சட்டையைத் தூக்கிக் காட்டும் தழும்புக்கெல்லாம் மூலம் அங்கே இருக்கிறது.

அந்த விதி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, கரண்டை அறுவையில் பெரும்பங்கு விபத்துக்கானதாக இருக்கவில்லை என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இளம்பிள்ளைவாதம்தான் அன்று முன்வரிசையில் நின்றது. என் வகுப்பில் மட்டும் காலிப்பர் போட்ட பையன்கள் இரண்டு பேர். தசை செத்துப்போய்ப் பாதம் தொங்கும், அல்லது குதிநாண் குறுகிப் பிள்ளை முன்விரலில் நடக்கும். நாணை நீட்டுவது, வேலைசெய்யும் தசையின் நாணை எடுத்து வேலைசெய்யாத இடத்தில் தைப்பது, ஆடும் மூட்டுகளை ஒன்றாக ஒட்டிவிடுவது எல்லாம் அப்போது அன்றாட அறுவைகள். நாண் மாற்றித் தைப்பதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளையும் தொங்கிய பாதங்களையும் அப்படித்தான் நிமிர்த்தினார்.

பாளையங்கோட்டை 1890களிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி கண்ட ஊர். போலியோ பிள்ளைகளுக்கு, மேற்கே ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் பெரிய நிழலாக நின்றது. அவரே 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. ஒரு நோய் ஒழிந்ததால் ஓர் அறுவைக் கலையே பாடப்புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. இந்த 'அன்றும் இன்றும்' கணக்கில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் மாற்றம் அதுதான்.

காலியான இடத்தில் வண்டி வந்து உட்கார்ந்தது. முன்பு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்த பிள்ளையின் குதிகால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்த் தோல் உரிந்துகொள்ளும். எங்கள் தெருவில் அந்தத் தழும்பில்லாத ஆள் குறைவு. இன்று ஸ்கூட்டர். அத்தை தன் அறுபத்தொன்றாவது வயதில், கே.டி.சி. நகர்ப் பக்கம் மணல் படிந்த திருப்பத்தில் வண்டி சறுக்கி விழுந்தாள். பாதம் வண்டிக்கு அடியில். 108 வந்தது. அந்த வண்டி தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதே 2008இல்தான். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்திருந்தது. தாத்தா காலத்தில் குடும்பம் மூன்று மாதம் கடன்பட்டது கட்டுக்காக அல்ல, வேலைக்குப் போகாததற்காக. அந்தப் பாட்டை இந்தத் திட்டமும் ஏற்பதில்லை.

படத்தைப் பார்த்த டாக்டர், இரண்டு பக்கமும் முறிந்திருக்கிறது, கூடு விரிந்திருக்கிறது என்றார். அத்தை முதலில் கேட்டது, "எங்கப்பா கால் மாதிரி ஆயிருமா டாக்டர்?" அவருக்கு அவள் அப்பாவைத் தெரியாது. நான்தான் விளக்கினேன்.

அன்றே அறுவை செய்துவிடுவார்கள் என்று நினைத்தோம். எட்டு நாள் காத்திருக்க வைத்தார்கள். இடம் விலகிய மூட்டை முதலில் இழுத்து நேராக்கி, பாதிக் கட்டுப் போட்டு, காலை இரண்டு தலையணை உயரத்தில் தூக்கி வைத்தார்கள். தினமும் டாக்டர் வந்து கட்டைத் தளர்த்தித் தோலைப் பார்ப்பார். வீக்கம் பளபளப்பாக இருக்கும்போது கத்தி வைத்தால் தையல் சேராது, புண் வாய்பிளக்கும். கரண்டையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே கிடையாது. எட்டாம் நாள் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்திருந்தன, ஆறின பாலின் ஆடை போல. "இப்ப பண்ணலாம்" என்றார். இத்தனை கருவிகள் வந்த பிறகும், அறுவைக்கு நாள் குறித்தது அவருடைய கண்தான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். அந்த ஊசியால் காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அத்தைக்கு ஊசி போட்ட இடம் நாலு நாள் கடுத்தது, அவ்வளவுதான். வெளிப்பக்க எலும்பில் ஒரு பிளேட், உள்பக்கம் இரண்டு ஸ்குரு. முன்பெல்லாம் ஸ்குரு முடுக்கியதும் படம் எடுத்து, ஃபிலிமைக் கழுவி, ஈரத்தோடு தூக்கிப் பார்ப்பார்களாம். இன்று சி-ஆர்ம் என்ற கருவி மேசைக்கு மேலே வளைந்து நின்று எலும்பை அப்போதைக்கப்போது திரையில் காட்டிவிடுகிறது. தாத்தாவுக்கு விரல்நுனி சொன்னதை அத்தைக்குத் திரை சொன்னது.

எல்லாக் கரண்டைக்கும் கத்தி தேவை என்று இதற்குள் யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். கரண்டை மடங்கி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவதே இல்லை. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த எளிய விதியை இன்று உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் கைக்கொள்கிறார்கள். புடைத்த எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அமுக்கினால் வலிக்கிறதா? நாலு எட்டு ஊணி நடக்க முடிகிறதா? அமுக்கினால் வலி இல்லாமல், நாலு எட்டும் வைக்க முடிந்தால் கரண்டைக்கு எக்ஸ்ரேகூட வேண்டாம். ஊணுவதைப் பற்றி நோயாளி மருத்துவரைக் கேட்குமுன் மருத்துவர் நோயாளியைக் கேட்கிறார்.

எலும்பு நன்றாக இருந்து "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்றால் அது வேறு கதை. நாம் நரம்பு, ஜவ்வு என்று மாற்றி மாற்றிச் சொல்வது எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார். கரண்டையின் வெளிப்பக்கத்தில் அப்படி மூன்று உண்டு. கபடி ஆடும் பையன்களுக்கு முன்பக்க நார்தான் முதலில் போகும். எங்கள் காலத்தில் சுளுக்கு என்று சொல்லி, காலால் பிறந்த பிள்ளையைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். வலி குறைந்ததும் மறுபடி களத்தில் இறங்கி, அதே கால் மறுபடி மடங்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு மேடுபள்ளமில்லாத தரையிலும் கால் பிறழும். பெரும்பாலான கிழிசல், பட்டி போட்டு, சில வாரம் முறையாகப் பயிற்சி செய்தாலே தேறிவிடும். ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவது அதில் முக்கியம். மாதக்கணக்கில் பழகியும் பிறழ்கிறதென்றால் மட்டும், தளர்ந்த நாரை இழுத்து எலும்பில் தைக்கும் அறுவை உண்டு. ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ராம் 1966இல் சொன்னது, 1980இல் கூல்ட் மெருகேற்றியது. இன்றும் அதுவே அடிப்படை.

துளைவழி அறுவைக்கும் ஒரு கதை உண்டு. 1931இல் அமெரிக்க மருத்துவர் பர்மன் ஒவ்வொரு மூட்டாகக் குழாய்க் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, கரண்டை இடுக்கு மிகக் குறுகல், இதற்கு ஒத்துவராது என்று எழுதினார். ஜப்பானியர்கள் விடவில்லை. கருவியை மெலிய வைத்து, 1972இல் வதனபே அதையே செய்து காட்டினார். இன்று முன்பக்கம் இரண்டு சிறு துளை போட்டு, உதிர்ந்த குருத்தெலும்புத் துண்டை எடுத்துவிடுகிறார்கள். நோயாளி அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகிறார்.

கத்தி பின்வாங்கிய இடங்களும் உண்டு. குதிநாண் அறுந்தால் தைத்தே ஆக வேண்டும் என்பதுதான் முன்பு பேச்சு. 2022இல் நார்வே மருத்துவர்கள் 526 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், தைத்தவர்களும் தைக்காமல் கட்டும் பயிற்சியுமாகத் தேறியவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில் இருந்தார்கள். தைக்காதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மறுபடி அறுந்தது, தைத்தவர்களில் 0.6 சதவீதம். மறுபுறம், தைத்தவர்களுக்கு உணர்வு நரம்பில் காயம் படும் அபாயம் கூடுதல். வேகமாக ஓட வேண்டிய விளையாட்டுக்காரருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு தெற்கு பஜாருக்குப் போகிறவருக்கும் இனி ஒரே பதில் கிடையாது. பிறக்கும்போதே உள்வளைந்த பாதத்துக்கும் இதேதான். முன்பு பச்சைக்குழந்தையின் காலைப் பெரிதாகத் திறந்து நிமிர்த்தினார்கள். வளர்ந்த பிறகு அந்தக் கால் விறைத்துப்போனது. ஐயோவாவின் பொன்செட்டி வகுத்த முறையில், வாரம் ஒரு மாவுக்கட்டாகப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கடைசியில் குதிநாணில் ஒரு சிறு கீறல் மட்டும் போடுகிறார்கள். பிறகு சில ஆண்டு இரவில் காலணிப் பட்டை. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், அந்தப் பட்டையை விடாமல் மாட்டுவதும்தான் பெற்றவர் செய்ய வேண்டியது.

பனையேறிகளின் குதிகாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திசையன்விளைப் பக்கம், உடன்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் நின்றவாக்கில் இறங்குவார். குதிகால் எலும்பு முட்டையோடு போல நொறுங்கும். மருத்துவர் காலைப் பார்ப்பதோடு முதுகெலும்பையும் தட்டிப் பார்ப்பது இதனால்தான். விழுந்த வேகம் குதிகாலில் நிற்காமல் இடுப்புவரை ஏறியிருக்கலாம். அந்த நொறுங்கலை எல்லாருக்கும் திறந்து பொருத்துவதில் பெரிய லாபமில்லை என்று 2014இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவர்கள் இன்னும் அதில் ஒருமனப்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் எவரும் பனையேறி இல்லை. தளைநாரைப் பாதத்தில் மாட்டி மரத்தைக் கவ்வி ஏற வேண்டிய காலுக்கு எது நல்லது என்று யாரும் அளந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அளக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன், அந்த மனிதர்கள் மரத்தை விட்டு முற்றாக இறங்கிப் போவதற்கு முன்பாவது.

இதே குறை தேய்ந்த மூட்டின் விஷயத்திலும் தெரிகிறது. தாத்தாவுக்கு இருந்த மாதிரி முற்றிலும் சிதைந்த கரண்டைக்கு, எலும்புகளை ஒன்றாக ஒட்டிவிடும் அறுவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னாவின் எடுவார்ட் ஆல்பர்ட் காலத்திலிருந்தே உண்டு. மூட்டு அசையாது, வலி போய்விடும், சமதரையில் நன்றாக நடக்கலாம். உலோகமும் பிளாஸ்டிக்குமாகச் செயற்கைக் கரண்டை 1970இல் பிரான்சில் வந்தது. முதல் தலைமுறை பெரும்பாலும் தளர்ந்து தோற்றது. இப்போதையவை மேம்பட்டிருந்தாலும், இடுப்புக்கும் முழங்காலுக்கும் வைக்கும் செயற்கை மூட்டுகளின் ஆயுசு அவற்றுக்கு இன்னும் வரவில்லை. நாற்காலியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் உள்ள ஊரில் ஒட்டிய கரண்டை சிறிய இழப்பு. குத்தவைத்துப் பாத்திரம் கழுவி, களை பறித்து, ஆற்றுப்படி இறங்கும் ஊரில் அது பெரிய இழப்பு. கணுக்கால் மடங்காமல் யாராலும் குத்தவைக்க முடியாது. அறுவைக்கு முன் எங்கள் பக்கத்து நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வீட்டில் எப்படி உட்காருவீங்க?" என்பதாக இருக்க வேண்டும்.

அத்தை வீடு திரும்பினாள். பத்தியம் தொடங்கியது. புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது, கருவாடு சீழ் வைக்கும். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் மட்டும் தினமும். சூப்பால் எலும்பு ஒட்டுகிறதோ இல்லையோ, முட்டையும் மீனும் பருப்பும் வயிறார உண்டால்தான் புண் ஆறும் என்று டாக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். அத்தைக்குச் சர்க்கரை எல்லையில் இருந்தது. நல்லவேளை, எல்லை தாண்டவில்லை. நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. உணர்ச்சி மரத்த காலில் முறிந்தது தெரியாமலே நடந்து கரண்டை முழுக்க உருக்குலைந்து வருகிறவர்களை இன்று எலும்பு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எல்லாக் கணக்கும் இரட்டிப்பு. ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாகும். போலியோ விட்டுச்சென்ற இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டுவிடுமோ என்பதே என் கவலை. பீடி இழுப்பவர்களுக்கும் எலும்பு ஒட்டத் தாமதமாகும். பீடி சுற்றியே வாழும் முக்கூடல் பக்கத்தில் இதை யார் உரக்கச் சொல்வது?

"எப்போ ஊணலாம்?" அத்தை கேட்டாள். "ஆறு வாரம்மா" என்றார் டாக்டர். 2024இல் லான்செட்டில் ஒரு பிரிட்டன் ஆய்வு வந்தது. கரண்டை அறுவைக்குப் பிறகு இரண்டாவது வாரத்திலேயே ஊணத் தொடங்கியவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட எந்த வகையிலும் மோசமாகவில்லை. அந்தச் செய்தியை அத்தையிடம் காட்டினேன். "ஒரு வருசம் முந்திச் சொல்லியிருந்தா, நாலு வாரம் பாத்ரூமுக்கு ஒருத்தர் தோளைப் பிடிச்சிருக்க வேண்டாமே" என்றாள். எல்லா முறிவுக்கும் அது பொருந்தாது. சர்க்கரைக் காலுக்கும், கூடு தாங்கும் நார் கிழிந்து தனி ஸ்குரு போட்டவருக்கும் மருத்துவர் வேறு நாள் சொல்வார்.

கால் ஊணிய பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. பிளேட்டுக்குப் பணமும் திட்டமும் கிடைத்த அளவுக்குப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. "ஆபரேசன் நல்லா முடிஞ்சுட்டு" என்றதும் எல்லாரும் எழுந்து போய்விடுகிறோம். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, சுவரில் கைவைத்துக் குதிகாலை ஊணி முன்சாய்வது, படிவிளிம்பில் நின்று ஏறி இறங்குவது என்று நாளுக்கு மூன்று வேளை, ஐந்து மாதம். பயிற்சி தரும் பெண் வாரம் ஒருமுறை வந்து, குத்தவைக்கச் சொல்லி, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் விரல் வைத்து அளப்பாள். ஐந்து விரல், நாலு விரல், மூன்று.

அந்த மார்கழியில் அத்தை அதிகாலையில் எழுந்து வாசல் தெளித்தாள். ஸ்டூல் எடுத்துக் கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கோலமாவுக் கிண்ணத்தோடு மெல்லக் குத்தவைத்தாள். இடது குதி தரையில் பதிந்தது. வலது குதி இரண்டு விரல் தூக்கலாகவே நின்றது. பதினோரு புள்ளி வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் காலை மாற்றி மாற்றி நகர்ந்து, கோலத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.